சோர்ஸ் கோடு கொடுத்தாச்சு, விளக்கம் எங்கே? - வாசகர் கேள்வி பதில்

ஓப்பன் சோர்ஸ் பற்றிக் கேட்டு எழுதுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். அம்பாசமுத்திரம், தென்காசி, வள்ளியூர் என்று நாலா பக்கமிருந்தும் கடிதமும் வாட்ஸ்அப்பும் வந்திருக்கின்றன. சோர்ஸ் கோடு (புரோகிராமர் எழுதுகிற மூல நிரல்) கிடைக்கிறது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அவர்களுக்கே.

அண்ணாச்சி, எங்க டீம் செஞ்ச ஃபைனல் இயர் ப்ராஜெக்டை கிட்ஹப்ல பப்ளிக்கா போட்டுட்டோம். ஜங்ஷன்ல இருந்து கிளம்புற டவுன் பஸ் நேரத்தைக் காட்டுற ஆப். லிங்க் அனுப்பியிருக்கேன். இதை ஓப்பன் சோர்ஸ்னு ரெஸ்யூம்ல போடலாமா? எங்க சார் போடலாம்னுதான் சொல்லுதாரு.
- கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

இப்போதைக்குப் போட வேண்டாம் தங்கச்சி. எல்லோரும் பார்க்கிற மாதிரி வைப்பது வேறு, ஓப்பன் சோர்ஸாகக் கொடுப்பது வேறு. நம் நாட்டின் 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பு என்கிற கணக்கில்தான் வைத்திருக்கிறது. எழுதிய நிமிடத்திலேயே உரிமை எழுதியவருக்கு வந்துவிடும், எங்கேயும் போய்ப் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆக, நீங்களாக அனுமதி கொடுக்காத வரை அந்த நிரலை இன்னொருவர் எடுத்து மாற்றிப் பரப்ப வழியில்லை. நிரலைப் பகிர்கிற தளமான கிட்ஹப்பில் வைத்துப் படிக்கலாம், அந்தத் தளத்துக்குள்ளேயே ஃபோர்க் (தன் கணக்கில் ஒரு நகல்) செய்துகொள்ளலாம், அவ்வளவுதான். எம்ஐடி, அப்பாச்சி, ஜிபிஎல் என்று ஆயத்தமான அனுமதிப் பத்திரங்கள் இருக்கின்றன, இதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, லைசென்ஸ் என்று பெயர் வைத்து ஒரு கோப்பாகப் போடுங்கள். அதற்கு முன்னால் டீமில் எல்லோரும் சரி என்று சொல்ல வேண்டும், அவரவர் எழுதிய பகுதியில் அவரவருக்கு உரிமை இருக்கிறது. கல்லூரியில் இதற்கு ஏதாவது விதி இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதோடு முடியவில்லை. ஓப்பன் சோர்ஸ் என்றால் என்ன என்பதற்கு 1998-இல் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் ஒரு வரையறை வைத்திருக்கிறது, டெபியன் என்ற லினக்ஸ் வகையை உருவாக்குகிறவர்கள் 1997-இல் எழுதிய விதிகளிலிருந்து வந்தது, பத்து அம்சம். இரண்டாவது அம்சம் சோர்ஸ் கோடு பற்றியது. ஒரு புரோகிராமர் மாற்றம் செய்ய எந்த வடிவத்தை விரும்பி எடுப்பாரோ அந்த வடிவத்தில்தான் கொடுக்க வேண்டும், வேண்டுமென்றே புரியாதபடி குழப்பி வைத்த நிரல் செல்லாது. 1991-இல் வந்த ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போய், நிரலைக் கட்டவும் (கணினியில் ஓடுகிற வடிவத்துக்கு மாற்றவும்) நிறுவவும் பயன்படுகிற ஸ்கிரிப்டுகளும் சோர்ஸில் சேர்த்தி என்கிறது. இவ்வளவு யோசித்து எழுதியவர்கள், டாக்குமென்டேஷன், அதாவது விளக்கக் குறிப்பு, கட்டாயம் என்று அந்தப் பத்தில் ஒரு வரி கூட எழுதவில்லை. சட்டப்படி தேவையில்லைதான். ஆனால் உங்கள் லிங்கில் போய்ப் பார்த்தேன், பஸ் நேரம் அட்டவணையாக இருக்கிற சிஎஸ்வி கோப்பில் நாலாவது நெடுவரிசையில் 1, 2, 3 என்று எண்கள் வரிசையாக இருக்கின்றன. அது என்ன என்று எங்கேயும் எழுதவில்லை. நிரலில் அந்த 3 வருகிற இடத்துக்குப் பக்கத்தில் ஆனி மாதத் தேதிகள் இருப்பதை வைத்து, தேரோட்டத்துக்கு விடுகிற சிறப்புப் பேருந்து போல என்று நான் ஊகித்துக்கொண்டேன், ஊர்க்காரன் என்பதால் அது முடிந்தது. சேலத்துக்காரர் ஒருவர் இந்த ஆப்பைத் தன் ஊருக்கு மாற்றிக்கொள்ள நினைத்தால் அந்த 3-இல்தான் முட்டிக்கொண்டு நிற்பார். அவரால் மாற்ற முடியாத நிரலை, எந்த லைசென்ஸ் போட்டிருந்தாலும், நான் திறந்த நிரல் என்று சொல்ல மாட்டேன்.

நிரலோடு வைக்கிற அறிமுகக் குறிப்பான ரீட்மீ கோப்பில் இதை எழுதுங்கள்: ஆப் யாருக்காக, கணினியில் இறக்கி ஓட வைக்க என்ன செய்ய வேண்டும், அந்த நாலு நெடுவரிசைக்கும் என்ன பொருள், பஸ் நேரம் எங்கிருந்து எடுத்தது, எந்த மாதம் எடுத்தது. அரைப்பக்கம் போதும். அப்புறம் ரெஸ்யூமில் தாராளமாகப் போடலாம்.

தம்பிக்குப் பள்ளிக்கூடத்துல கொடுத்த பழைய லேப்டாப்ல பாஸ் லினக்ஸ் இருக்கு. எங்க தெருவுல சிக்னல் ஒழுங்கா கிடைக்காது. நெட் இல்லாம இதுல ஏதாவது படிக்க முடியுமா?
- விக்கிரமசிங்கபுரம் வாசகர்

நன்றாகவே முடியும். கட்டளைகளைத் தட்டுகிற டெர்மினலைத் திறந்து 'மேன்' (man) என்று தட்டி, ஓர் இடம் விட்டு, ஏதாவது ஒரு கட்டளையின் பெயரைத் தட்டுங்கள். அந்தக் கட்டளையின் கையேடு அப்படியே திரையில் வரும், நெட் வேண்டாம். இந்த ஏற்பாடு இன்று நேற்று வந்ததல்ல. பெல் ஆய்வகத்தில் லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் அதன் முதல் கையேட்டை 1971 நவம்பர் 3 தேதியிட்டு வெளியிட்டார்கள், கட்டளைக்கு ஒரு பக்கம் என்ற அந்த அமைப்புதான் இன்றும் நம் லேப்டாப்பில் இருக்கிறது. பெயர், எப்படித் தட்டுவது, என்ன செய்யும் என்று வரிசையாக வந்து, பல பக்கங்களில் கடைசியில் 'பக்ஸ்' என்றே ஒரு தலைப்பு இருக்கும், இந்தக் கட்டளை எங்கே தவறும் என்று எழுதியவரே சொல்லிவிடுவார். எனக்கு மேன் பக்கங்களில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். தன் பொருளின் குறையைத் தானே எழுதி ஒட்டி அனுப்புகிற பழக்கம் வேறு எந்தத் தொழிலில் இருக்கிறது?

முதலில் 'மேன் மேன்', அடுத்து 'மேன் ஹையர்' (man hier) படியுங்கள். லினக்ஸில் எந்த ஃபோல்டர் எதற்கு என்று இரண்டாவதில் இருக்கும். பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்துச் செய்தது. டெபியனில் ஒரு விதி உண்டு: நிறுவுகிற ஒவ்வொரு பேக்கேஜும் (மூட்டை கட்டிய மென்பொருளும்) தன் பதிப்புரிமை விவரத்தையும், என்னென்ன மாறியது என்கிற சேஞ்ச்லாகையும் கூடவே கொண்டுவர வேண்டும். யுஎஸ்ஆர், அதற்குள் ஷேர், அதற்குள் டாக் என்று போனால் பேக்கேஜுக்கு ஒரு ஃபோல்டராகக் குவிந்து கிடக்கும். சுருக்கி வைத்த கோப்புகளாக இருந்தால் 'இசட்லெஸ்' (zless) போட்டுத் திறக்கலாம். சேஞ்ச்லாகைக் கீழிருந்து மேலாகப் படித்துப் பாருங்கள், ஒரு மென்பொருள் வளர்ந்த கதை முழுசாகக் கிடைக்கும். பெரிய கையேடுகள் பெயர்க் கடைசியில் 'டாக்' என்று வருகிற தனிப் பேக்கேஜாக இருக்கும், அம்பாசமுத்திரம் பக்கம் வரும்போது சிக்னல் கிடைக்கிற இடத்தில் அவற்றை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். பைத்தானில் தமிழ் எழுத்துகளைக் கையாளுகிற ஒரு சிறு மென்பொருளின் சோர்ஸை இறக்கினேன். ரீட்மீயில் 'நிறுவவும்' என்று ஒரே ஒரு கட்டளை. அதைத் தட்டினால் 'பைத்தான் டாட் ஹெச் என்ற கோப்பு இல்லை' என்று நின்றுவிடுகிறது. பைத்தான் என் கணினியில் நன்றாகத்தான் ஓடுகிறது. என்ன தவறு செய்கிறேன்?
- அம்பாசமுத்திரம் வாசகர்

நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை சார். பைத்தான் நிரலை ஓட்டுவதற்குத் தேவையானது உங்களிடம் இருக்கிறது. அந்த மென்பொருளின் ஒரு பகுதி சி மொழியில் எழுதியதாக இருக்கும், அதைப் பைத்தானோடு சேர்த்துக் கட்ட வேண்டுமென்றால் பைத்தானின் ஹெடர் கோப்புகள் (சி நிரலுக்குப் பைத்தானை அறிமுகப்படுத்துகிற டாட் ஹெச் கோப்புகள்) வேண்டும். ஓட்டுகிறவர் எல்லோருக்கும் அது தேவைப்படாது என்பதால் டெபியன், உபுண்டு என்கிற லினக்ஸ் வகைகளில் அதைத் தனியாகப் பிரித்து 'பைத்தான்3-டெவ்' என்ற பேக்கேஜில் வைத்திருக்கிறார்கள். ஃபெடோரா என்கிற இன்னொரு வகையில் அதன் பெயர் 'பைத்தான்3-டெவல்'. அதை நிறுவிவிட்டு மறுபடி முயலுங்கள். வேறொரு டாட் ஹெச் கோப்பு இல்லையென்று நின்றாலும் இதே வழிதான், அந்தப் பெயருடைய டெவ் பேக்கேஜைத் தேட வேண்டும்.

இப்போது என் பங்குக்கு உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த ரீட்மீயில் ஏன் இது இல்லை? எழுதியவர் சோம்பேறி என்று நினைக்க வேண்டாம். அவருடைய கணினியில் அந்த டெவ் பேக்கேஜ் எப்போதோ வேறு வேலைக்காக உட்கார்ந்துவிட்டது, அவர் எத்தனை முறை கட்டினாலும் இந்தப் பிழை அவர் கண்ணில் படாது. அவருக்குத் தெரியாத ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. புதிதாக வருகிறவருக்கு மட்டும்தான் இது தெரியும், அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான். ஒருமுறை நிறுவிவிட்டால் நாளைக்கு நமக்கும் மறந்துபோகும். அதனால் இன்றைக்கே அந்தத் திட்டத்தின் பக்கத்துக்குப் போய், ரீட்மீயைத் திறந்து, பென்சில் படத்தை அழுத்தி, 'உபுண்டுவில் இதற்கு முன் பைத்தான்3-டெவ் நிறுவ வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்து, புல் ரிக்வெஸ்டாக (இந்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிற வேண்டுகோளாக) அனுப்பிவிடுங்கள். எந்த உபுண்டு பதிப்பு என்பதையும் போடுங்கள். பிழைச் செய்தியை அப்படியே, ஒரு எழுத்து மாற்றாமல் ஒட்டுங்கள், நாளைக்கு இன்னொருவர் அதே வாசகத்தைத் தேடும்போது உங்கள் வரியில்தான் வந்து விழுவார். சர்வீஸ் முழுக்கப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள், பிள்ளை எந்த இடத்தில் திணறும் என்று உங்களுக்குத் தெரிகிற அளவுக்குப் பல புரோகிராமர்களுக்குத் தெரியாது. இந்த வேலைக்கு உங்களை மாதிரி ஆட்கள்தான் வேண்டும்.

ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். 'நல்ல கோடுக்கு கமெண்ட் தேவையில்லை, கோடே டாக்குமென்டேஷன்' என்று எங்கள் டீம் லீட் அடிக்கடி சொல்வார். ஓப்பன் சோர்ஸ் திட்டம் ஒன்றுக்கு நிரல் அனுப்பினால் அங்கே 'ஏன் இப்படிச் செய்தாய், விளக்கு' என்று திருப்பி அனுப்புகிறார்கள். எது சரி?
- வண்ணார்பேட்டை வாசகர்

உங்கள் லீட் சொல்வதில் பாதி சரி. ஒரு மாறிக்குத் தெளிவாகப் பெயர் வைத்தால் அது என்ன என்று மேலே ஒரு கமெண்ட், அதாவது நிரலுக்கு நடுவே மனிதருக்காக எழுதுகிற குறிப்பு, தேவையில்லை. 'எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டு' என்கிற நிரலுக்கு மேல் 'எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுகிறோம்' என்று எழுதுவதும் வீண். ஆனால் நிரல் என்ன செய்கிறது என்பதைத்தான் நிரலால் சொல்ல முடியும். ஏன் அப்படிச் செய்கிறது, வேறு எதைச் செய்து பார்த்துக் கைவிட்டார்கள், எதை நம்பி இது நிற்கிறது, இதெல்லாம் நிரலில் கிடையாது. எழுதியவர் தலைக்குள் இருக்கும், அவர் போனால் அதுவும் போய்விடும்.

நம் தமிழிலேயே பார்ப்போம். 'நெல்லை' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? நாம் மூன்று என்போம்: நெ, ல், லை. பைத்தானில் நீளத்தை எண்ணுகிற லென் ஃபங்ஷனைக் கேட்டால் ஆறு என்று சொல்லும், ஏனென்றால் எழுத்துகளைக் கணினியில் வைக்கிற முறையான யூனிகோடில் ந, எகரக் குறி, ல, புள்ளி, ல, ஐகாரக் குறி என்று ஆறு குறியீடுகளாகத்தான் அது சேமிக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் 'எழுத்து எண்ணு' என்று ஒரு ஃபங்ஷன் எழுதி வெளியிடுகிறார் என்று வையுங்கள். பெயர் தெளிவு, நிரலும் சுத்தம். ஆனால் அது மூன்று தருமா ஆறு தருமா? முழு நிரலையும் படிக்காமல் சொல்ல முடியாது. படித்தாலும், அவர் ஆறைத்தான் விரும்பினாரா அல்லது தமிழை யோசிக்காமல் விட்டுவிட்டாரா என்று தெரியாது. மேலே ஒரு வரி, 'தமிழ் எழுத்தை எண்ணும், நெல்லை என்றால் 3' என்று இருந்தால் வேலை முடிந்தது.

இன்னொன்று, இது இன்னும் முக்கியம். 'கோ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக வைக்கலாம். க-வோடு ஓகாரக் குறி என்று ஒரே குறியாக வைக்கலாம், இல்லையென்றால் க, அதன் பின் ஏகாரக் குறி, அதன் பின் கால் என்று இரண்டு குறியாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு. ஊர்ப் பட்டியலில் கோபாலசமுத்திரம் ஒரு விதமாக இருந்து, தேடுகிறவரின் கீபோர்டு மற்ற விதமாக அனுப்பினால், கண்ணெதிரே இருக்கிற ஊரை 'இல்லை' என்று சொல்லிவிடும். இதைத் தவிர்க்கத்தான் தேடுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி என்ற, பிரிந்த குறிகளை ஒன்றாக்குகிற வடிவத்துக்கு மாற்றுவார்கள், நிரலில் அது ஒரே வரி. அந்த வரிக்குப் பக்கத்தில் காரணம் எழுதாவிட்டால் என்ன நடக்கும் தெரியுமா? நன்றாக வேலை செய்கிற யாரோ ஒருவர், ஆங்கிலச் சொற்களை மட்டும் வைத்துச் சோதித்துவிட்டு, 'இந்த வரி இல்லாமலும் ஓடுகிறதே, வேகமும் கூடுகிறது' என்று எடுத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. நிரல் அவரிடம் எதையும் சொல்லவில்லை.

பெரிய திட்டங்கள் இதை எப்படிக் கையாளுகின்றன என்று பாருங்கள். போஸ்ட்கிரஸ் தரவுதளத்தின் சோர்ஸ் ஃபோல்டர்களுக்கு உள்ளேயே பல இடங்களில் ரீட்மீ கோப்புகள் இருக்கின்றன, பயனருக்கு அல்ல, நிரலைத் தொடப் போகிறவருக்கு. தேடலை வேகமாக்குகிற பி-ட்ரீ இண்டெக்ஸ் இருக்கிற ஃபோல்டரில் இருப்பதைத் திறந்தால், எந்த ஆய்வாளர்களின் வழிமுறையை எடுத்தோம், எங்கே அதிலிருந்து விலகினோம், விலகியதற்குக் காரணம் என்ன என்று பொறுமையாக எழுதியிருப்பார்கள். டெக் அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதிய டொனால்ட் நூத் இதற்கும் ஒரு படி மேலே போனவர், நிரலையும் அதன் விளக்கத்தையும் ஒரே கோப்பில் பின்னி, முதலில் மனிதர் படிப்பதற்காக எழுத வேண்டும், கணினிக்கு வேண்டியதை அதிலிருந்து பிரித்தெடுத்துக்கொள்ளலாம் என்றார். அவ்வளவு தூரம் எல்லோராலும் போக முடியாது, போக வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை.

உங்களைத் திருப்பி அனுப்பினார்களே, அவர்கள் பெரும்பாலும் கமிட் செய்தியைத்தான், அதாவது ஒவ்வொரு மாற்றத்தோடும் எழுதுகிற குறிப்பைத்தான், கேட்டிருப்பார்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு நிரல் அனுப்ப அவர்கள் வைத்திருக்கிற வழிகாட்டி முதலில் கேட்பதே, என்ன பிரச்சினை என்று சொல், பயனருக்கு அதனால் என்ன பாதிப்பு என்று சொல், அதற்குப் பிறகு என்ன செய்தாய் என்று சொல் என்பதுதான். நிரலில் நடந்த மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கிட் மென்பொருளில் 'பிளேம்' என்று ஒரு கட்டளை இருக்கிறது, எந்த வரி எந்த கமிட்டில் வந்தது என்று காட்டும். நாலு வருடம் கழித்து ஒருவர் உங்கள் வரியின் மேல் அதை ஓட்டும்போது 'ஃபிக்ஸ்' என்று ஒற்றைச் சொல் வந்தால் அவர் என்ன செய்வார்? ஆகவே சளைக்காமல் விளக்கி எழுதுங்கள். அவர்கள் உங்களை மட்டம் தட்டவில்லை, நீங்கள் இல்லாதபோதும் உங்கள் நிரல் நிற்க வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள்.

டாக்குமென்டேஷன் ஒன்று சொல்லுது, கோடு வேறொன்று செய்யுது. எதை நம்ப?
- வள்ளியூர் வாசகர்

இன்றைக்கு வேலை ஓட வேண்டுமென்றால் நிரலை நம்புங்கள், ஓடப்போவது அதுதான். ஆனால் தவறு எதில் என்பது தனிக் கேள்வி. நிரல் மாறி, குறிப்பு பழையதாகவே நின்றிருக்கலாம், குறிப்பு சரியாக இருந்து நிரலில் பிழை இருக்கலாம். இரண்டு வரியையும் எடுத்துப் போட்டு திட்டத்தின் பக்கத்தில் ஓர் இஷ்யூ (புகார்க் குறிப்பு) திறந்து கேளுங்கள். பைத்தானில் டாக்டெஸ்ட் என்று ஒரு வசதி இருக்கிறது, விளக்கத்துக்குள் கொடுத்த உதாரணத்தையே ஓட்டிப் பார்த்து, விடை மாறினால் கத்தும். மேலே சொன்ன 'நெல்லை என்றால் 3' என்பதை அப்படி எழுதி வைத்தால், யாராவது நிரலை மாற்றிய அன்றே தெரிந்துவிடும்.

அண்ணே, ஓப்பன் சோர்ஸ்ல எல்லாரும் கோடைப் படிக்கலாம், அதனால திருட்டு வேலை நடக்காதுன்னு சொல்லுதீங்க. அப்போ 2024-ல எக்ஸ்இசட் விவகாரம் எப்படி நடந்துச்சு?
- தென்காசி வாசகர்

நியாயமான கேள்வி தம்பி. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்குகிற மென்பொருள், லினக்ஸ் கணினிகளில் கிட்டத்தட்ட எங்கேயும் இருக்கும். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருடத்துக்கும் மேலாகப் பொறுமையாக நல்ல வேலை செய்து, நம்பிக்கை பெற்று, பராமரிப்பாளர் இடத்துக்கே வந்துவிட்டார். பிறகு 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் (திருட்டுத்தனமாக உள்ளே நுழைய வழி) வைத்தார். 2024 மார்ச் 29 அன்று அதை வெளியே சொன்னவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், போஸ்ட்கிரஸ் உருவாக்குநர். தொலைவிலிருந்து கணினிக்குள் போக உதவுகிற எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று தோண்டிப் பார்த்ததில் கிடைத்தது. டெபியன், ரெட் ஹாட்டின் நிலையான வெளியீடுகளுக்குள் போகும் முன்பே தடுத்துவிட்டார்கள்.

இதில் நம் இன்றைய பேச்சுக்குத் தொடர்பானது இதுதான். பின்வாசலின் உடல், சோதனைக்கான பைனரி கோப்புகள் (மனிதர் படிக்க முடியாத கோப்புகள்) என்ற பெயரில் ஒளிந்திருந்தது, அவை எப்படி உருவாயின என்று காட்டுகிற நிரல் அங்கே இல்லை. அதை எழுப்பி விடுகிற ஸ்கிரிப்ட் கிட்டில் இருந்த சோர்ஸில் இல்லவே இல்லை, வெளியீட்டுக்கென்று மூட்டை கட்டிய டார் கோப்பில் மட்டும்தான் இருந்தது. எல்லோரும் படிக்கிற சோர்ஸ் ஒன்று, எல்லோரும் கட்டி நிறுவுகிற சோர்ஸ் இன்னொன்று. அப்படி மூட்டையில் மட்டும் சில கோப்புகள் கூடுதலாக இருப்பது அந்தத் தொழிலில் சகஜம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஜிபிஎல் அன்றைக்கே கட்டுகிற ஸ்கிரிப்டும் சோர்ஸ்தான் என்று எழுதியது எவ்வளவு சரி என்று இப்போது தெரிகிறதல்லவா? எந்தக் கோப்பு எதிலிருந்து எப்படி வந்தது என்று எழுதி வைத்திருந்து, அதைப் பின்பற்றி யாரும் அதே மூட்டையைத் தன் கணினியில் கட்டிப் பார்க்க முடிந்தால், ஒளித்து வைக்க இடம் குறையும். ரிப்ரொட்யூசிபிள் பில்ட்ஸ் என்ற பெயரில் டெபியன் உட்படப் பலர் இதற்காகத்தான் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த மென்பொருளை அதுவரை பெரும்பாலும் ஒரே ஒருவர்தான் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார், உலகமே அதைப் பயன்படுத்தியது. படிக்கலாம் என்று திறந்து வைத்தது சரி, உட்கார்ந்து படித்தவர்கள் எத்தனை பேர்?

எம்.ஏ. தமிழ் முடித்து வீட்டில் இருக்கிறேன். கோடிங் தெரியாது. ஓப்பன் சோர்ஸில் எனக்கு ஏதாவது வேலை உண்டா அண்ணாச்சி? சும்மா ஆறுதலுக்காகச் சொல்ல வேண்டாம்.
- வீரவநல்லூர் வாசகி

ஆறுதலுக்குச் சொல்லவில்லை தங்கச்சி, ஆள் இல்லாமல் கிடக்கிற வேலை இது. லிப்ரே ஆபீஸின் மொழிபெயர்ப்பு வெப்லேட் தளத்தில் நடக்கிறது, ஃபயர்ஃபாக்ஸுக்கு மொசில்லாவின் பொன்டூன் இருக்கிறது, இரண்டிலும் பிரவுசர் போதும். அது தெரிந்த வழி. நான் அதைவிட உங்களுக்குப் பயன்படுத்தும் முறைக் குறிப்புகளைத்தான் சிபாரிசு செய்வேன்.

உதாரணத்துக்கு, உபுண்டுவில் தமிழ்99 கீபோர்டு வைப்பது. குறிப்புகள் பலவற்றில் 'ஐபஸ்-எம்17என் பேக்கேஜை நிறுவு, செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்' என்று இரண்டே வரி இருக்கும். வீட்டில் அண்ணனையோ சித்தியையோ உட்கார வைத்து, நீங்கள் வாய் திறக்காமல், அந்தக் குறிப்பை மட்டும் கையில் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். பேக்கேஜ் நிறுவியாகிவிடும், ஆனால் பட்டியலில் தமிழ்99 வராது. ஏனென்றால் ஒருமுறை லாக்அவுட் செய்துவிட்டு மறுபடி உள்ளே வர வேண்டும், அந்த வரி குறிப்பில் இல்லை. அது தெரிந்தவருக்குக் கை தானாகச் செய்துவிடும், தெரியாதவர் 'நமக்கு இது சரிப்படாது' என்று லினக்ஸையே மூடிவிட்டுப் போய்விடுவார். இப்படி ஆள் நிற்கிற இடத்தையெல்லாம் பார்த்து, விட்டுப்போன வரியைச் சேர்த்து, நல்ல தமிழில் எழுதுவதற்கு கோடிங் தேவையில்லை. பொறுமையும் மொழியும்தான் தேவை, இரண்டும் உங்களிடம் இருக்கிறது. கணியம் மின்னிதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதி வருகிறது, எழுதியதை அங்கே அனுப்பிப் பாருங்கள். மென்பொருள் திட்டத்துக்கே அனுப்புவதாக இருந்தால், 'கான்ட்ரிபியூட்டிங்' என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், எப்படி அனுப்ப வேண்டும் என்று அதில் இருக்கும்.

இப்போ ஏஐ-கிட்ட கோடைக் கொடுத்தா அதுவே டாக்குமென்டேஷன் எழுதித் தந்துடுதே, நாம எதுக்கு உட்கார்ந்து எழுதணும்?
- நாங்குநேரி வாசகர்

ஃபங்ஷன் என்ன வாங்கி என்ன தருகிறது என்கிற அளவுக்கு எழுதித் தரும், சரிபார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பஸ் ஆப்பில் 3 என்பது ஆனித் தேரோட்டம் என்று அதற்கு எங்கிருந்து தெரியும்? கொடுத்த நிரலில் இல்லாத காரணத்தைக் கேட்டால் அதுவாக ஒன்றை ஊகித்து எழுதும், படிக்கிறவர் அதை உண்மை என்று நம்பிவிடுவார். தவறான விளக்கம் இருப்பதைவிட இல்லாமலே இருக்கலாம். காரணத்தை நீங்களே எழுதுங்கள்.

ஒரு கட்டற்ற மென்பொருளுக்குத் தமிழில் கையேடு எழுதி முடித்துவிட்டேன். மென்பொருள் ஜிபிஎல். கையேட்டுக்கும் அதே லைசென்ஸ்தானா?
- சுரண்டை வாசகர்

நீங்களே புதிதாக எழுதியது என்றால் முடிவு உங்கள் கையில். அவர்களுடைய ஆங்கிலக் கையேட்டை மொழிபெயர்த்திருந்தால் அந்தக் கையேட்டின் லைசென்ஸ் என்னவோ அதைத்தான் பின்பற்ற வேண்டும், அதை முதலில் பாருங்கள். ஜிபிஎல் என்பது நிரலை மனதில் வைத்து எழுதியது. கையேட்டுக்கென்றே, ஜிபிஎல்லைக் கொண்டுவந்த க்னூ திட்டம் 2000-த்தில் எஃப்டிஎல் என்று ஒரு லைசென்ஸ் கொண்டுவந்தது, விக்கிப்பீடியாவும் முதலில் அதில்தான் இருந்து, 2009-இல் கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏவுக்கு மாறியது. நான் உங்களுக்குச் சொல்வதும் பை-எஸ்ஏதான். படித்துப் பகிரலாம், திருத்தலாம், உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும், திருத்தியதையும் அதே அனுமதியோடு கொடுக்க வேண்டும்.

கையேட்டுக்குள் நிரல் உதாரணங்கள் இருந்தால் அவற்றைத் தனியாகக் கவனியுங்கள். படிக்கிறவர் அந்த நாலு வரியை எடுத்துத் தன் நிரலில் ஒட்டத்தான் போகிறார், அப்போது பை-எஸ்ஏ அவருக்குக் குழப்பமாகும். பைத்தான்காரர்கள் 3.8.6 பதிப்பிலிருந்து தங்கள் கையேட்டில் உள்ள உதாரணங்களுக்கு மட்டும் ஜீரோ கிளாஸ் பிஎஸ்டி என்ற, எந்த நிபந்தனையும் இல்லாத லைசென்ஸையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். நீங்களும் அப்படிச் செய்யலாம். முதல் பக்கத்திலேயே உரைக்கு இது, உதாரண நிரலுக்கு இது என்று இரண்டு வரி, அதற்குக் கீழே மென்பொருளின் எந்தப் பதிப்பை வைத்து எழுதினீர்கள் என்று ஒரு வரி போட்டுவிட்டு வெளியிடுங்கள். லிங்கை எங்களுக்கும் அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறோம்.